எட்டுக் குரலில் ஒருத்தி

செர்ரி ஹின்டன், கேம்பிரிட்ஜ்
12 பிப்ரவரி 1989

என் அன்பு மெரிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கடிதம் நேற்றுக் காலைத் தபாலில் வந்தது. நின்றபடியே படித்தேன். டோஸ்ட் கருகும் வாடை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். நியூசிலாந்தில் வெயில், பள்ளிக்கூடம் மேட்டு உச்சியில், பாட்டுக் குழுவில் ஒரு பையன்கூட இல்லை என்கிறாய். குரல் உடைகிற வயதில் வந்து பாடு என்றால் எவன் வருவான்? நீயே ரக்பி மைதானத்துக்குப் போய் நாலு பேரைக் காதைப் பிடித்து இழுத்து வா.

இங்கே மழை. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. நீ இருந்தால் சரி பண்ணு, சரி பண்ணு என்று பத்து தரம் சொல்லியிருப்பாய், பத்தாவது தரம் நான் எழுந்திருப்பேன். இப்போது சொல்ல ஆளில்லை, அது பாட்டுக்குச் சொட்டுகிறது.

நம் கம்ப்யூட்டர் புரோகிராம் நன்றாக வளர்கிறது. பிள்ளைகள் எல்லாருக்கும் சுரத்தாளைக் கையால் நகலெடுத்து விரல் வீங்கி நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் இதை ஆரம்பித்தேன், மறந்துவிடாதே. இப்போது ஐந்து கோட்டின்மேல் மவுஸால் சுரத்தை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. வைத்ததை நம் ஆர்க்கிமிடீஸ் இயந்திரம் உடனே பாடியும் காட்டுகிறது. எட்டுக் குரல், மெரி! வீட்டில் வைக்கிற மற்ற கம்ப்யூட்டர்கள் மூன்று நாலு குரலுக்கே மூச்சு வாங்குகின்றன. இது எட்டையும் பாடிக்கொண்டே திரையில் கோட்டையும் நகர்த்துகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கெட்டில் வைக்கப் போகிற பழக்கமும் போய்விட்டது. இயங்கத் தேவையான எல்லாம் சிப்புக்குள்ளேயே இருப்பதால், நான் நாற்காலியை இழுப்பதற்குள் அது தயாராகிவிடுகிறது.

உறையில் ஒரு டிஸ்க் இருக்கிறது. உங்கள் பள்ளியிலும் இதே இயந்திரம் இரண்டு இருப்பது நம் அதிர்ஷ்டம். போட்டுப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று எழுது. மே மாதத்துக்குள் முடித்துவிடுவேன், முடித்த கையோடு விமானம் ஏறிவிடுவேன். இரண்டு வருடப் பாட்டு ஆசிரியை வேலைதானே, நீ முன்னால் போ, நான் பின்னாலேயே வருகிறேன் என்று ஹீத்ரோ விமான நிலையத்தில் சொன்னது சும்மா சொன்னதில்லை.

கட்டிலின் உன் பக்கத்தில் அழுக்குத் துணியைக் குவித்து வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் அந்த இடம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

கருகிய டோஸ்ட்டுடன்,
உன் டென்சில்


டுனெடின்
26 பிப்ரவரி 1989

அன்புள்ள டென்சில்,

அழுக்குத் துணியைத் துவை. அது என் இடம்.

டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் என் தலைக்கு மேலே தலையாக நின்று பார்த்தார்கள். முதல் குறை: இரட்டைக் கோடு போட்டபின் புரோகிராம் அடுத்த வரிக்குப் போக மறுக்கிறது. இரண்டாவது, ஆல்ட்டோ குரலுக்கு எழுதினால் சுரத்தின் வால் கீழே போவதற்குப் பதில் மேலே போகிறது. மூன்றாவது குறை புரோகிராமில் இல்லை. வீட்டில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். இதையும் குறித்துக்கொள்.

வீடு சின்னது, ஆனால் காலி அறை ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். உன் மேசையை அங்கே போடலாம் என்று அடியால் அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. இந்த ஊர்த் தெருக்கள் செங்குத்து. பால் வாங்கப் போய்த் திரும்பினால் இங்கிலாந்தில் ஒரு வாரம் நடந்த களைப்பு வருகிறது. களைப்புக்குச் சீஸ் ரோல் தருகிறார்கள். நீ வந்தால் ஒரே மாதத்தில் இரண்டு சுற்றுப் பெருத்துவிடுவாய்.

தலைமையாசிரியர் பெக் என்பவர் நல்ல மனிதர். என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "என்னம்மா, உங்க வீட்டுக்காரரு கப்பல்லயா வர்றாரு, நீந்தியா வர்றாரு?" மேயில் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்று.

பால் வாங்கிய கையுடன்,
உன் மெரி


செர்ரி ஹின்டன்
23 ஏப்ரல் 1989

என் மெரி,

பெரிய சேதி. ஆர்தர் வீட்டை விட்டுப் போய்விட்டான்!

பயப்படாதே, நம் இயந்திரத்தின் பழைய இயக்க முறைக்கு அதைச் செய்தவர்கள் வைத்த பெயர்தானே ஆர்தர். இப்போது ரிஸ்க் ஓஎஸ் என்று புதியது வந்துவிட்டது. டிஸ்க்கில் இல்லை. நாலு சிப்பாக அட்டைப் பெட்டியில் வந்தது. சனிக்கிழமை மாதாகோவில் கூடத்தில் எங்கள் ஆர்க்கிமிடீஸ் பயனர் குழு கூடி, தேநீர் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே இயந்திரங்களைத் திறந்து, பழைய சிப்பைப் பிடுங்கிப் புதியதைச் செருகினோம். செயலாளர் பெர்சிவல் எல்லார் முன்னாலும் என்னை வாரினான்: "ஏன்டா டென்சில், பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிட்டு ஆர்தரோட குடித்தனம் நடத்துன. இப்ப அவனையும் வெளிய தள்ளிட்டியே, உனக்கு யாருடா சோறு போடுவா?" அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் அவன் தன் சிப்பின் காலை வளைத்துக்கொண்டான். நல்லா வேணும்.

புதியது எப்படி இருக்கிறது தெரியுமா? திரையின் அடியில் ஒரு பட்டை, அதில் டிஸ்க், பிரிண்டர், நாம் திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சின்னமாக வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மவுஸின் நடுப் பொத்தானை அழுத்தினால் கை இருக்கும் இடத்திலேயே பட்டியல் விரிகிறது. எழுத்துகள் ஓரம் பிசிறில்லாமல் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், பல புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு ஜன்னலில் கடிதம், ஒரு ஜன்னலில் சுரத்தாள்.

அங்கேதான் சிக்கல். அது ஓடுகிற முறை மரியாதையை நம்பியது. ஒவ்வொரு புரோகிராமும் கொஞ்சம் வேலை செய்துவிட்டு, 'வேறு யாருக்காவது ஏதாவது வேண்டுமா?' என்று கேட்டு வழிவிட வேண்டும். ஒன்று கேட்காமல் உட்கார்ந்துகொண்டால் மற்றதெல்லாம் அப்படியே நின்றுவிடும். மணற்கடிகாரம் மட்டும் திரையில் தெரியும். நம் புரோகிராம் ஆர்தர் காலத்தில் முழு வீடும் தன்னது என்று வளர்ந்தது. அதற்கு யாரையும் கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே அடியிலிருந்து மறுபடி எழுத வேண்டும்.

மே முடியாது, மெரி. ஆகஸ்ட் என்று வைத்துக்கொள். உங்கள் பள்ளி இயந்திரங்களுக்கும் சிப்புகளை வாங்கித் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். பெக்கிடம் என் கப்பல் வழியில் கரி எடுக்க நின்றிருக்கிறது என்று சொல்.

உன்னை நினைக்காமல் ஒரு வரி எழுதுவதில்லை, கடிதத்திலும் சரி, புரோகிராமிலும் சரி.

டென்சில்


டுனெடின்
7 மே 1989

அன்புள்ள டென்சில்,

யாரையும் கேட்காமல் உட்கார்ந்துகொள்ளும் புரோகிராமை எனக்கு நன்றாகத் தெரியும். அதோடு பதினோரு வருடம் வாழ்ந்திருக்கிறேன். அதற்கு எதிரே சாப்பாட்டு மேசையில் மணற்கடிகாரம் மாதிரி நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபமாக எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது பக்கம்.

சிப்புகள் வந்தன. பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் நைரியும் நானும் மாற்றினோம். முதல் சிப்பைப் பிடித்தேன். அவள் அதட்டினாள்: "என்னத்துக்குடி இப்படி நடுங்குற? பல்லு புடுங்குற மாதிரி நேரா மேல தூக்கு. சாய்ச்சேன்னா போச்சு." தூக்கினேன், வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் திரை விரிந்தபோது இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

தலைமையாசிரியருக்குத்தான் புதிய முறை புரியவில்லை. பள்ளி நிர்வாகக் குழுவுக்குக் கடிதத்தை அடித்துவிட்டுச் 'சரி' என்ற பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறார். சேமிக்க வேண்டுமானால் சின்னத்தை இழுத்துப் போய்ப் பெட்டிக்குள் போடுங்கள் என்று இயந்திரம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறது. "நான் சரின்னு சொன்னா அது சரிதானே, எதுக்கு இழுக்கணும்?" என்று அதனோடு சண்டை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் அவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "சார், இதக் கையில புடிச்சிக் கொண்டுபோய் வச்சாத்தான் வச்ச மாதிரி. சும்மா சரி சரின்னா எங்க போய் நிக்கும்?"

எனக்கு அப்போது உன் நினைவு வந்தது. நீயும் சரி சரி என்கிறாய்.

இந்த இயந்திரத்தின் மூளையான சிப்பைப் பற்றி நீ முன்பு ஒருமுறை விளக்கினாய், நினைவிருக்கிறதா? மற்றச் சிப்புகளுக்கு நிறையக் கட்டளைகள் தெரியும், ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்யும். இதற்குத் தெரிந்தது கொஞ்சம், ஆனால் சொன்னவுடன் செய்துவிடும், அதனால்தான் இத்தனை வேகம் என்றாய். டென்சில், உனக்கும் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். மற்றதுதான் பொருந்தவில்லை.

மேசை வாங்கிவிட்டேன். ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். துருவத்திலிருந்து குளிர்ந்த தென்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது, இரண்டு கம்பளி போர்த்தியும் கால் சூடேறவில்லை. ஆகஸ்டில் கண்டிப்பாக வா.

உன் மெரி


செர்ரி ஹின்டன்
11 ஜூன் 1989

என் மெரி,

கிழித்த பக்கத்தையும் அனுப்பியிருக்கலாம். எனக்கு அதுவும் வேண்டும்.

நான் செய்திருப்பதைப் பார்த்தால் கோபம் போய்விடும். பெர்சிவலிடம் ஒலியை எண்ணாக மாற்றிப் பிடித்துக்கொள்ளும் பலகை ஒன்று இரவல் வாங்கினேன். போன வருடம் நீ குழுவுக்குச் சுருதி கொடுப்பதற்காக 'ஆ' என்று பாடிக் காட்டிய ஒலிநாடா இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரே ஒரு 'ஆ'வை எடுத்தேன். இருமலும் நாற்காலிச் சத்தமும் இல்லாத இடமாகத் தேடுவதற்கே ஒரு நாள் ஆயிற்று. அந்த ஒரு 'ஆ'வை இயந்திரம் ஏற்றியும் இறக்கியும் எந்தச் சுரமாகவும் பாடும். 'மெரி' என்று பெயர் வைத்து, புரோகிராமின் ஒலிகளில் அதையும் சேர்த்துவிட்டேன். முன்பு பீப்பீ என்று கத்தியது போய், இப்போது எட்டுக் குரலிலும் நீதான்.

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது போட்டுவிடுகிறேன். வீடு நிறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு மிஸஸ் ஆட்கின் வேலிக்கு மேலாகத் தலை நீட்டி, "மெரியல் வந்துட்டாளா? சொல்லவே இல்லையே!" என்றார். வரவில்லை, கம்ப்யூட்டர்தான் பாடுகிறது என்றேன்.

வழிவிடும் முறையும் முக்கால்வாசி முடிந்தது. இத்துடன் அனுப்பும் டிஸ்க்கில், நான் எழுதிய புரோகிராம் வரிகள் உட்பட அத்தனையும் இருக்கின்றன. ஒரு நகல் எப்போதும் வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் சட்டம். நெருப்பு, திருட்டு, தேநீர் கொட்டுவது, எதற்கும் பாதுகாப்பு. பெர்சிவல் தன் நகலை அத்தை வீட்டில் வைத்திருக்கிறான். உன் வீட்டை விட்டால் எனக்கு வேறு வீடு ஏது?

ஒரு தரம் போட்டுக் கேள். கேட்டுவிட்டு எழுது.

உன் டென்சில்


டுனெடின்
25 ஜூன் 1989

டென்சில்,

கேட்டேன்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரம். ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன். முதல் சுரத்திலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். "மிஸ், இது நீங்கதானே? நீங்க வாயே தொறக்கல, பின்ன எப்படிப் பாடுறீங்க?" என்று ஒருத்தி. இன்னொருத்தி, "ஒரு மிஸ்ஸே எங்களுக்கு ஜாஸ்தி, எட்டா?" என்றாள். சிரித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என் இருமலை நீக்கியிருக்கிறாயே, யாருக்கு அந்தப் பொறுமை வரும்?

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் வேறு மாதிரி தோன்றியது. அங்கே ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாய், நான் எட்டுப் பேராகப் பாடுகிறேன். வேண்டும்போது பாடுகிறேன், போதும் என்றால் நிறுத்திவிடுகிறேன். எப்போது வருகிறாய் என்று கேட்பதில்லை. குழாயைச் சரி பண்ணு என்பதில்லை. இப்படி ஒருத்தி வீட்டில் இருக்கும்போது இன்னொருத்தியைத் தேடி உலகத்தின் மறுகோடிக்கு எதற்கு வருவாய்?

குறையும் ஒன்று எழுத வேண்டுமல்லவா? அவள் மூச்சு எடுப்பதே இல்லை. பாட்டு முடியும் வரை ஓரிடத்திலும் மூச்சு எடுக்கவில்லை. கேட்கிற நான் அவளுக்கும் சேர்த்து மூச்சு எடுத்தேன்.

ஆகஸ்ட் 13 நம் மணநாள். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலையாக இருக்கும்போது தொலைபேசுகிறேன். எந்தத் தேதி விமானம் என்று அன்று சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், பரிசும் வேண்டாம்.

மெரி


செர்ரி ஹின்டன்
13 ஆகஸ்ட் 1989

மெரி,

நீ தொலைபேசியை வைத்து அரைமணி ஆகிறது. உட்காராமல் நின்றபடியே எழுதுகிறேன்.

எல்லாம் போய்விட்டது. நீ கூப்பிட்டபோது நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் போட ஒரே ஒரு வாய் உள்ள இயந்திரத்தில் அது எப்படி என்று உனக்குத் தெரியும். பழையதைப் போடு என்னும், கொஞ்சம் படிக்கும். புதியதைப் போடு என்னும், கொஞ்சம் எழுதும். மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நீல நிறம், இரண்டிலும் பெயர் ஒட்டவில்லை. நீ கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போட்டேன். பழையதைக் கேட்டபோது வெற்று டிஸ்க்கைப் போட்டிருக்கிறேன், புதியதைக் கேட்டபோது வேலை செய்த டிஸ்க்கை. எழுதாமல் தடுக்கும் தாழ்ப்பாளைக் காலையில் திறந்தவன் மூடவும் இல்லை. ஒன்றுமில்லாததை எடுத்து என் வேலையின்மேல் அழகாக எழுதி முடித்துவிட்டு, நகல் வெற்றி என்று இயந்திரம் சொல்லிற்று.

உன்மேல் தப்பில்லை. அப்போது நீ கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

ஜூனில் அனுப்பிய டிஸ்க் உன்னிடம் இருக்கிறது. புதிதாக எழுதியதற்கு உலகத்தில் வேறு நகல் இல்லை. எதிலும் போட்டுப் பார்க்காதே. பிள்ளைகளிடம் கொடுக்காதே. காந்தம், ஒலிபெருக்கி எதற்கும் பக்கத்தில் வைக்காதே. அட்டைக்கு நடுவே வைத்து உடனே விமானத் தபாலில் அனுப்பு. உடனே, மெரி.

டென்சில்


டுனெடின்
24 ஆகஸ்ட் 1989

அன்புள்ள டென்சில்,

டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கடிதத்தை நீ படிக்க மாட்டாய்.

அன்றைக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. எந்தத் தேதி என்று கேட்டேன். "இரு மெரி, டிஸ்க்க மாத்தச் சொல்லுது, ஒரு நிமிஷம்" என்றாய். நீ போன பிறகு உன் நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. மறுபடி வந்தாய். மறுபடி கேட்டேன். மறுபடி ஒரு நிமிஷம் என்றாய். மூன்றாவது தரம் நான் கேட்கவில்லை. மணநாள் வாழ்த்து என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் வேலை போனதற்கு எனக்கு உண்மையாகவே வருத்தம். அந்த வேலையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவள் நான். இந்தக் கடிதத்தைப் படித்து அப்படி இல்லை என்று நினைத்துவிடாதே.

ஆனால் கேள். பெக் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். பழைய இசை ஆசிரியை திரும்பி வரவில்லையாம். "ரெண்டு வருஷ கணக்கெல்லாம் விடுங்கம்மா. நிரந்தரமா இருங்க. செப்டம்பர் முடியறதுக்குள்ள ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றார். நாம் இருவரும் இங்கே இருப்பதா, இல்லை முடித்துக்கொண்டு நான் திரும்புவதா, எதுவாக இருந்தாலும் நீ வந்தால் பேசி முடிவு செய்யலாம். வராவிட்டால் நான் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். டிஸ்க்கை நான் தபாலில் போடவில்லை. இங்கே மேசை இருக்கிறது. பள்ளியில் இதே இயந்திரம் இருக்கிறது, விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று பெக்கே சொல்லிவிட்டார். நீ அங்கே செய்வது எதுவானாலும் இங்கேயும் செய்யலாம். வந்து எடுத்துக்கொள். விமான நிலையத்துக்கு வரும்போது அதை என் கைப்பையில் கொண்டுவருகிறேன், ஒலிபெருக்கி பக்கத்தில் போகாமல்.

வரவே முடியாது, டிஸ்க்தான் வேண்டும் என்று நீ எழுதினால், அனுப்பிவிடுவேன். உன் உழைப்பை வைத்துக்கொண்டு உன்னை மிரட்டுகிறவள் இல்லை நான். ஆனால் எது வேண்டும் என்று நீயே உன் கையால் எழுது. அது எனக்குத் தெரிய வேண்டும்.

நீ வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், டென்சில். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். ரொம்ப நன்றாக இருக்கும்.

உன் மெரி


செர்ரி ஹின்டன்
3 செப்டம்பர் 1989

என் அன்பு மெரிக்கு,

நீ சொல்வது அத்தனையும் நியாயம். இரண்டு தரம் படித்தேன்.

ஆனால் ஒரு சங்கதி உனக்குத் தெரியாது. மான்செஸ்டரில் ஒரு வெளியீட்டாளர் நம் புரோகிராமைக் கிறிஸ்துமஸ் விற்பனைப் பட்டியலில் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். அக்டோபர் கடைசியில் ஓடுகிறதைக் காட்ட வேண்டும். அங்கே வந்து சேர்ந்து, பெட்டியைப் பிரித்து, உட்கார்ந்து வேலை தொடங்குவதற்குள் அக்டோபர் போய்விடும். இத்தனை வருட வேலை கரை ஏறுகிற நேரம். இது நம் இருவருக்காகவும்தான்.

டிஸ்க்கை மட்டும் இப்போது அனுப்பிவிடு. கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே இருப்பேன். இந்தத் தடவை நிச்சயம். பெக்கிடம் கொஞ்சம் அவகாசம் கேள், உன்னை விட அவருக்கு வேறு யார் கிடைக்கப் போகிறார்கள்?

அவசரத்திலும் அன்புடன்,
டென்சில்


செர்ரி ஹின்டன்
24 செப்டம்பர் 1989

மெரி,

நேற்றுப் பொட்டலம் வந்தது. இரண்டு அட்டைக்கு நடுவே, பஞ்சு சுற்றி, ஒரு மூலைகூட மடங்காமல். உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். அட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். கடிதம் இல்லை. தனியாக வரும் என்று இன்று தபால்காரர் கிடையாது என்பதையும் மறந்து வாசலில் நின்றேன்.

டிஸ்க்கைப் போட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஜூன் வரை நான் எழுதிய வரி ஒன்றுகூடக் குறையவில்லை. ஆர்கன் இருக்கிறது, புல்லாங்குழல் இருக்கிறது, மணி இருக்கிறது. 'மெரி' மட்டும் இல்லை. டிஸ்க்கில் அந்த இடம் கெட்டிருக்குமோ என்று சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. பார்த்து, அதை மட்டும் எடுத்து நீக்கியிருக்கிறாய்.

கேட்ட குரல் கிடைக்காவிட்டால் இயந்திரம் தன் சொந்தக் குரலில் பாடும்படி நான்தான் எழுதியிருந்தேன். பாடிற்று. எட்டுப் பீப்பீ. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஒலிநாடா இழுப்பறையில்தான் இருக்கிறது. பெர்சிவலின் பலகையும் இங்கேயே இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்தால் மறுபடி எடுத்துவிடலாம். கை போகவில்லை. நீ தர மறுத்ததை எப்படி எடுப்பது?

காலை முழுக்க வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு மாதமாக இந்தச் சத்தமின்மைக்குள்தான் நான் இருந்திருக்கிறேன், அது எனக்குக் கேட்கவே இல்லை. மெரி, எனக்கு நீ வேண்டும். இருமுகிற, அதட்டுகிற, பாலுக்காக மேடு ஏறி மூச்சு வாங்குகிற நீ வேண்டும். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று தெரியவில்லை.

மான்செஸ்டருக்கு முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டேன். நாளைக் காலை கடை திறந்ததும் அக்டோபர் கடைசி வாரத்துக்கு விமானச் சீட்டு வாங்கப் போகிறேன். டிஸ்க்கைக் கொண்டுவரவில்லை. ஒன்றும் கொண்டுவரவில்லை. பெக்கிடம் என்ன சொன்னாய் என்றும் கேட்கவில்லை. நான் வரட்டுமா என்று மட்டும் கேட்கிறேன்.

டென்சில்


டுனெடின்
8 அக்டோபர் 1989

அன்புள்ள டென்சில்,

உன் கடிதத்தை வாசற்படியிலேயே பிரித்தேன். படித்து முடித்ததும் எழுந்து உன் அறைக்குத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. அங்கே வெகுநேரம் நின்றேன். இதில் ஒரு பக்கம் மே மாதத்தில் வந்திருந்தாலும், மணநாள் அன்று வந்திருந்தாலும், முந்தின நாளே விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

கோபத்தில் நீக்கினேன் என்று நினைக்காதே. பொட்டலம் கட்டுவதற்கு முன் டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று பள்ளியில் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் ஆர்கனுக்கும் புல்லாங்குழலுக்கும் பக்கத்தில் என் பெயர். உன் கையால் எழுது என்று கேட்டிருந்தேன், நீயும் எழுதிவிட்டாய். டிஸ்க்கைத்தான் கேட்டாய். அதில் உன்னுடையதை எல்லாம் அனுப்பினேன். என்னுடையதை வைத்துக்கொண்டேன். அன்று மாலையே பெக்கிடம் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கடிதம் எழுத உட்கார்ந்தேன், எதுவும் வரவில்லை.

நீ இப்போது எழுதியிருப்பது அத்தனையும் நிஜம் என்று எனக்குத் தெரியும். நீ வருவாய், கையை வீசிக்கொண்டு வருவாய், நாலு மாதம் நன்றாக இருப்போம். பிறகு ஒரு நாள் அந்த ஜன்னலோரத்தில் எதையாவது ஆரம்பிப்பாய். நான் அடுத்த அறையில் காத்திருக்க ஆரம்பிப்பேன். இங்கே வந்த பிறகுதான் இந்தக் காத்திருப்பு வந்தது என்று நினைத்திருந்தேன், டென்சில். இல்லை. ஒரே வீட்டில் இருந்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இத்தனை தூரம் வந்தால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

உன்னை நினைக்காத நாள் இல்லை. இனியும் இருக்காது. நினைப்பது வேறு, காத்திருப்பது வேறு. இரண்டாவதை நிறுத்திவிட்டேன், நிறுத்தியபின் மூச்சு விட முடிகிறது.

நீ வர வேண்டாம். மான்செஸ்டருக்கு மறுபடி எழுது, இன்னும் காலம் கடந்துவிடவில்லை. அது நல்ல புரோகிராம். இங்கே என் பிள்ளைகள் நீ முதலில் அனுப்பிய டிஸ்க்கில்தான் தினமும் எழுதுகிறார்கள்.

விமானச் சீட்டை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடு. தள்ளிப்போட்டால் பாதிப் பணம்கூடத் தர மாட்டார்கள்.

மெரியல்